கூறியது கூறல்

பவணந்தியார் நூற்குற்றம் பத்தென வகுத்தவிடத்து, மிகைபடக் கூறலுக்கும் கூறியது கூறலுக்கும் தனித்தனி இடமளித்தார். இருபது ஆண்டுகளாக நன்னூல் கற்பித்துவரும் நான், மாணவர்தம் கட்டுரைகளின் ஓரத்திலே சிவப்பு மையினால் ‘கூ. கூ.’ என எழுதிய தடவைகளுக்குக் கணக்கில்லை. அதனைக் குயிலின் ஒலியெனப் பரிகசித்த மாணவர் தொகுதியொன்றும் உண்டு. அத்தகைய நான், 2021ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று நாட்கள், குளிரூட்டப்பட்ட சிற்றறை ஒன்றின் தரையில் அமர்ந்து, கூறியதைக் கூறுவதற்கென்றே ஆக்கப்பட்ட பொறியொன்றை அமைப்பதில் ஈடுபட்டிருந்தேன். தமிழ் விரிவுரையாளன் ஒருவனுக்கு இவ்வேலை எவ்வாறு வாய்த்தது என நண்பர் பலர் வினவியதுண்டு. அவர்களுக்குச் சுருங்கச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்துரைக்க முற்படுகின்றேன்.

எமது துறையிலே 1980களின் தொடக்கத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் வன்னிக் கிராமங்களிற் சேகரித்த நாட்டார் பாடல்கள் 43 ஒலிநாடாக்களில் இருந்தன. ஒப்பாரி, தாலாட்டு, அருவி வெட்டுப் பாடல், கும்மி என அவை பல வகையின. அவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. 2017இல் மாணவர் சிலர் அந்நாடாக்களைக் கணனியில் ஏற்றிக் கையடக்க வன்றட்டு ஒன்றிற் சேமித்தனர். வேலை முடிந்தது என்ற நிம்மதியில் நாடாக்களை நாம் ஓர் அலுமாரியிற் போட்டுவிட்டோம். அவ்வலுமாரிக்கு மேலிருந்த கூரை ஒழுகுவதை எவரும் கவனித்திலர். 2019இன் பிற்பகுதியில் வன்றட்டு ‘டிக், டிக்’ என ஒலித்தது. மறுநாள் அதுவும் இல்லை.

2020 தை மாதத்திலே, வவுனியா வடக்கைச் சேர்ந்த பாடசாலை ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தம் அம்மம்மா பாடிய ஒப்பாரியை எமது ஆசிரியர் பதிவுசெய்தார் என வீட்டிலே பேச்சு வழங்கியதாம். பட்டியலைப் புரட்டினேன். அம்மூதாட்டியின் பெயரும் ஊரும் 17ஆம் நாடாவுக்கு எதிரே தெளிவாக எழுதப்பட்டிருந்தன. “அம்மம்மாவின்ரை ஒரு படங்கூட எங்களிட்டை இல்லை, சேர். இடம்பெயர்ந்து போகேக்கை எல்லாம் போட்டுது. குரலாவது கேட்கலாமெண்டு வந்தனான்” என்றார் அவர். அன்று அவரை அழைத்துச் சென்று அலுமாரியைத் திறந்து காட்டினேன். 17ஆம் நாடா பூஞ்சணம் பிடித்து ஒரே கட்டியாக இறுகியிருந்தது. பின்னர் நாம் அரிதின் முயன்று 29 நாடாக்களிலிருந்து மீண்டும் ஒலியை எடுத்தோம். 14 நாடாக்களிலிருந்து எதுவும் வரவில்லை. அப்பதினான்கினுள் 17ஆம் இலக்கமும் ஒன்று.

வன்றட்டு என்பது நாம் நினைப்பதுபோல ஒரு பெட்டகம் அன்று. ஓயாது ஓடும் ஓர் இயந்திரம். நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் காந்தத் தட்டின்மேல், மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய இடைவெளியில், எழுதுதலை மிதந்து திரிகிறது. அது ஒருநாள் பழுதுறும் என்பதில் ஐயமில்லை. எந்நாள் என்பதே வினா. இவ்வுண்மையை வெறுப்பின்றி ஏற்றுக்கொண்டு, அதன்மீதே ஒரு முறையைக் கட்டியெழுப்பியவர்கள் பேர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர். 1988இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, விலையுயர்ந்த பெருந்தட்டு ஒன்றினுக்குப் பதிலாக மலிவான சிறுதட்டுக்கள் பலவற்றை அணிசேர்த்து, அவற்றிடையே மிகைச் செய்தியைப் பரப்பிவைத்தால், ஒன்று இறந்தாலும் அணி வாழும் என வாதிட்டது. ‘மலிவான தட்டுக்களின் மிகையணி’ என்பதன் ஆங்கில முதலெழுத்துக்கள் சேர்ந்தே ‘றெயிட்’ என்ற பெயர் பிறந்தது. பிற்காலத்தில், அம்முதலெழுத்து மாறாதபடியே, ‘மலிவான’ என்ற சொல்லை நீக்கி ‘சுயாதீனமான’ என்ற சொல்லை வணிகர்கள் புகுத்தினர். மலிவு என்ற சொல்லோடு பொருளை உயர்ந்த விலைக்கு விற்பது கடினம் என்பதே காரணமாக இருக்கலாம். எனினும், அப்புதிய சொல் தன்னை அறியாமலே ஒரு பெரிய வினாவைக் கிளப்பிவிட்டது. சுயாதீனம் எனின், எதிலிருந்து சுயாதீனம்? இவ்வினாவை நான் விளங்கிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் சென்றன.

பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சிற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டமையால், நாம் கேட்ட பணம் தாமதித்தே வந்தது. ஈற்றில் எட்டுத் தட்டுக்களை ஏற்கவல்ல சேவையகம் ஒன்றும், 4 ரெறாபைற்றுக் கொள்ளளவுடைய தட்டுக்கள் ஆறும் கிடைத்தன. தட்டுக்களுக்கும் கணனிக்கும் இடையே கட்டுப்படுத்தி என்னும் அட்டை ஒன்று உண்டு. கணனி தான் ஒரே தட்டுடன் பேசுவதாக எண்ணிக்கொள்ளும். அட்டையோ வரும் செய்தியைத் துண்டாக்கி ஆறு தட்டுக்களுக்கும் பங்கிடும். அவ்வட்டைக்கென ஒரு சிறு மூளையும், சிறு நினைவகமும், அந்நினைவகத்துக்கென ஒரு மின்கலமும் உள்ளன. எமது பீடத்தின் கணனிப் பிரிவிலிருந்து இளந் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் உதவிக்கு வந்தார். ‘தம்பி’ என்றே நான் அவரை அழைப்பதுண்டு. இங்கும் அவ்வாறே குறிப்பிடுகின்றேன்.

முதலில் நாம் தீர்மானிக்க வேண்டியிருந்தது அணியின் வகையை. மிகையே இன்றி ஆறு தட்டுக்களையும் வெறுமனே இணைத்தால் 24 ரெறாபைற்று முழுவதும் கிடைக்கும். ஆனால் ஒரு தட்டு இறந்தால் அனைத்தும் அழியும். அதற்குப் பூச்சிய வகை என்று பெயர், பெயர் பொருத்தமே. இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து ஒவ்வொரு செய்தியையும் இருமுறை எழுதினால் 12 ரெறாபைற்று எஞ்சும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை ஐந்தாம் வகையும் ஆறாம் வகையும். இவற்றிலே செய்தி இருமுறை எழுதப்படுவதில்லை. ‘பரிற்றி’ எனப்படும் சரிபார்ப்புக் கூறே எழுதப்படுகிறது.

இக்கூறின் இயல்பை வகுப்பிலே நான் பின்வருமாறு விளக்குவதுண்டு. மாணவன் ஒருவன் நான்கு பாடங்களிற் பெற்ற புள்ளிகள் 52, 61, 47, 70 என்க. அவற்றின் கூட்டுத்தொகையாகிய 230ஐ ஐந்தாவது கட்டத்தில் எழுதிவைத்தால், நான்கில் எந்த ஒன்று அழிந்தாலும், எஞ்சியவற்றைக் கழித்து அதனை மீட்கலாம். இதுவே ஐந்தாம் வகை. இரண்டு அழிந்தால் கூட்டுத்தொகை மட்டும் போதாது. ஆகையால் முதலாவதை 1ஆலும் இரண்டாவதை 2ஆலும், இவ்வாறே 3, 4 ஆகியவற்றாலும் பெருக்கிக் கூட்டிய இன்னொரு தொகையை ஆறாவது கட்டத்தில் எழுதுகிறோம். இங்கே அது 595. இனி இரண்டாவதும் நான்காவதும் அழிந்தனவாயினும் அஞ்சவேண்டியதில்லை. தெரியாக் கணியங்கள் இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. சாதாரண தரக் கணிதம் கற்ற எவரும் 61, 70 எனக் கண்டுகொள்வர். ஆறாம் வகை இதுவே. கட்டுப்படுத்தி உண்மையிற் கூட்டுவது நம் எண்களை அன்று, பூச்சியங்களையும் ஒன்றுகளையுமே. ஒன்றுகளின் தொகை இரட்டையாகுமாறு முதற்கூறை வைக்கிறது. இரண்டாவது கூறுக்குச் சற்றுச் சிக்கலான வேறொரு கணிதம் உண்டு. ஆயினும் தத்துவம் மாறுவதில்லை. அச்சரிபார்ப்புக் கூறுகளும் ஒரே தட்டிற் குவியாது, வரிக்கு வரி இடம் மாறி ஆறு தட்டுக்களிலும் பரவுகின்றன.

தம்பி ஐந்தாம் வகையையே விரும்பினார். ஐந்து தட்டுக்களை அணிசேர்த்து, ஆறாவதைக் காத்திருப்புத் தட்டாக வெறுமனே சுழலவிட்டால், ஒன்று இறந்த கணத்தில் அது தானாகவே அவ்விடத்தை ஏற்கும் என்றார். அவ்வாறு செய்யினும் கொள்ளளவு 16 ரெறாபைற்று. ஆறாம் வகையிலும் 16 ரெறாபைற்றே. விலையும் ஒன்று, கொள்ளளவும் ஒன்று எனில் வேறுபாடு யாது? நாம் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேநீரோடு வாதிட்டது இதைப் பற்றியே. காத்திருப்புத் தட்டு வெறுமையானது. அதனை நிரப்ப வேண்டுமாயின், எஞ்சிய நான்கு தட்டுக்களையும் முதலிலிருந்து இறுதிவரை பிழையின்றி வாசித்தல் வேண்டும். 4 ரெறாபைற்றை வினாடிக்கு 150 மெகாபைற்று வீதம் எழுதினாலே ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம் செல்லும். அவ்வேளையில் அணிக்கு மிகை எதுவும் இல்லை. மேலும், சாதாரண தட்டுக்களின் விவரத்தாளிலே, வாசிக்க முடியாத பிழை 10இன் 14ஆம் அடுக்குப் பிற்றுக்களுக்கு ஒன்றினுக்கு மேற்படாது என அச்சிடுவர். நான்கு தட்டுக்களிலும் உள்ள பிற்றுக்களோ அத்தொகையை விஞ்சுவன. விவரத்தாள் கூறுவது மேல் வரம்பே. நடைமுறையிலே தட்டுக்கள் அதனினும் நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆயினும் 17ஆம் நாடாவைக் கண்ட கண்களுக்கு அவ்வாறுதல் போதவில்லை. ஆறாம் வகையையே தெரிந்தோம். எழுதும் வேகம் சற்றுக் குறையும் எனத் தம்பி முணுமுணுத்தார். ஒப்பாரிக்கு வேகம் எதற்கு?

அமைக்கும் வேலை, விவரிக்கும் அளவுக்குக் கடினமானதன்று. கணனியை முடுக்கும்போது உரிய விசைகளை அழுத்தினாற் கட்டுப்படுத்தியின் சொந்தத் திரை தோன்றும். 4 ரெறாபைற்றுத் தட்டு ஒவ்வொன்றும் அத்திரையில் 3.638 எனவே காட்டப்பட்டது. கடைக்காரர் எம்மை ஏய்த்துவிட்டாரென நான் துணுக்குற்றேன். தட்டைச் செய்வோர் ஆயிரத்தின் பெருக்கங்களாலும், கட்டுப்படுத்தி 1024இன் பெருக்கங்களாலும் எண்ணுகின்றனர் என்பதைத் தம்பி பொறுமையோடு விளக்கினார். பெரிய கோப்புக்களே எம்மிடம் அதிகமாதலால் துண்டின் அளவை 256 கிலோபைற்றாக வைத்தோம். விரைவாகத் தொடக்குவதா, தட்டு முழுவதையும் ஒருமுறை எழுதித் தொடக்குவதா என்ற வினாவுக்கு, முழுவதையும் என்றேன். புதிய தட்டிலே குறையிருந்தால் அது வெறுமையாய் இருக்கும்போதே வெளிப்படட்டும் என்பது என் எண்ணம். அதற்கு ஓர் இரவு சென்றது.

பதுக்கு நினைவகத்தைப் பற்றிய தெரிவே எம்மிடையே மீண்டும் பிணக்கை உண்டாக்கிற்று. கட்டுப்படுத்தி தன்னிடம் வந்த செய்தியைத் தட்டில் எழுதுமுன்னரே ‘எழுதிவிட்டேன்’ என்று கணனிக்குச் சொல்லிவிடலாம், வேகம் கூடும். அச்சொல் பொய்யாகாதவாறு காப்பது அட்டையின் மின்கலம். மின்சாரம் திடீரென நின்றாலும், எழுதப்படாத செய்தியை அது தாங்கி நிற்கும். மின்கலம் தளர்ந்துவிட்டால், தட்டில் எழுதிய பின்னரே விடைசொல்லும் முறைக்குக் கட்டுப்படுத்தி தானாக மாறிக்கொள்ளும். மின்கலம் தளர்ந்தாலும் வேக முறையிலேயே நில் எனக் கட்டாயப்படுத்தும் தெரிவொன்றும் திரையில் இருந்தது. தம்பி அதைத் தொடப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். செய்யாததைச் செய்தேன் எனச் சொல்லும் ஏவலாளரை நான் போதிய அளவு கண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மாலை ஆறு பச்சை விளக்குகளும் ஒளிர்ந்தன. தட்டுக்களின் தொடரிலக்கங்களை ஒரு தாளிற் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தென்பட்டது. ஆறும் அடுத்தடுத்த இலக்கங்கள். ஒரே ஆலையில், ஒரே நாளிலே செய்யப்பட்டு, ஒரே பெட்டியிலே கடல் கடந்து வந்த உடன்பிறப்புக்கள். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வந்தார். 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்த அவர், பிரதி தேடி எத்துணை அலைந்தார் என்பதை நாம் அறிவோம். ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்தை இன்னோர் ஏடு நிரப்பும். பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கி மூலத்தை நெருங்கலாம். ஆனால் பத்துப் பிரதிகள் கிடைத்தும் பத்திலும் ஒரே இடத்திலே சிதைவு இருக்குமாயின், அவை பத்தும் சிதைந்த ஒரே தாய்ப்பிரதியைப் பார்த்தெழுதியவை எனப் பதிப்பாசிரியர் முடிவுசெய்வார். எண்ணிக்கையிற் பத்து, சான்றில் ஒன்று. என் முன்னிருந்த ஆறு தட்டுக்களும் அத்தகையனவோ என்ற ஐயம் அன்றிரவு என்னை வருத்திற்று. ஒரே குறை ஆறிலும் இருப்பின் அவை ஏறத்தாழ ஒரே காலத்திலே தளரும் அல்லவா? வேறு வேறு கடைகளில் வாங்கியிருக்கலாம்; கேள்விப்பத்திர விதிகள் அதற்கு இடந்தரவில்லை.

ஐயம் வீண்போகவில்லை. 2022 மார்ச்சிலே கட்டுப்படுத்தி கீச்சிடத் தொடங்கிற்று. ஒரு விளக்கு செம்மஞ்சளாயிருந்தது. நாட்டின் நிலையை இங்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எமது பகுதி எந்த எழுத்துப் பிரிவினுள் அடங்கும் என்பதை அட்டவணையிற் பார்த்துப் பார்த்தே வாழ்ந்தோம். ரூபாவின் பெறுமதி வாரத்துக்கு வாரம் சரிந்தது. மாற்றுத் தட்டு ஒன்றினுக்கு விலை கேட்டால், கடைக்காரர் இன்றைய விலையைச் சொல்லி, நாளைக்கு இவ்விலை இராது, பொருளும் இராது என்றார். ஏழு வாரங்கள் ஐந்து தட்டுக்களோடு ஓடினோம். ஐந்தாம் வகையைத் தெரிந்திருந்தால் காத்திருப்புத் தட்டை அப்போதே செலவிட்டு, அது நிரம்பும்வரை காப்பின்றி இருந்திருப்போம். எம்மிடமோ இன்னும் ஒரு சரிபார்ப்புக் கூறு எஞ்சியிருந்தது. மின்வெட்டுக்குப் பத்து நிமிடம் முன்பாகவே சேவையகத்தை முறைப்படி நிறுத்துவதும், மின் வந்து சற்று நிலைத்த பின்னர் மீண்டும் முடுக்குவதும் தம்பியின் நாளாந்தக் கடனாயின. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவாறே அதற்காக ஓடிவந்த நாட்களும் உண்டு.

மே மாதத்தில் மாற்றுத் தட்டு வந்தது. இயங்கிக்கொண்டிருக்கும்போதே பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகலாம் என்பது இத்தகைய சேவையகங்களின் சிறப்பு. திரையிலே இறந்த தட்டின் இலக்கம் 3 என இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். தம்பி 3 என்ற சுட்டி ஒட்டிய தட்டைக் கழற்றினார். மறுகணமே முன்னையதிலும் உரத்த கீச்சொலி எழுந்தது. கட்டுப்படுத்தி தட்டுக்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது. நாம் ஒட்டிய சுட்டிகளோ ஒன்றிலிருந்து தொடங்கின. இறந்த தட்டு நான்காம் சுட்டியில் அசையாது இருந்தது. நாம் கழற்றியது உயிருள்ள ஒன்றை.

“சேர், எந்தத் தட்டைக் கழட்டச் சொன்னனீங்கள்?” என்று தம்பி கேட்டதும், நான் விடைசொல்லாது நின்றதும் இன்றும் நினைவில் உள்ளன. சுட்டிகளை ஒட்டியவன் நானே.

கழற்றிய தட்டை உடனே திரும்பச் செருகினோம். கட்டுப்படுத்தி அதனை அடையாளங் காண மறுத்து, ‘அந்நியம்’ என்றது. சில வினாடிகளுக்கு முன் தன்னோடிருந்த தட்டை அது அந்நியம் எனக் கூறியதிலே நியாயம் உண்டு. அவ்வினாடிகளில் மற்றைய தட்டுக்களில் ஏதும் எழுதப்பட்டிருப்பின், இதில் உள்ளது பழங்கதை ஆகிவிடும். ஆகவே அதனையும் வெற்றுத்தட்டாகவே கொண்டு, இரண்டு தட்டுக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மீளக்கட்ட நேர்ந்தது. எஞ்சிய நான்கினுள் ஏதேனும் ஓரிடத்தை வாசிக்க முடியாது போயின் அவ்விடத்தை மீட்கும் வழி இல்லை. அன்று மாலை மின்வெட்டு உண்டு என்பதையும் அறிவோம். மீளக்கட்டும் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும் எனக் கையேடு கூறிற்று; நாம் கையேட்டை நம்பினோம், வேறு யாரை நம்புவது? சதவீதம் 31இல் நிறுத்தினோம். இரவு மின் வந்ததும் முடுக்கினோம்; 31இலிருந்தே தொடர்ந்தது. தம்பி அறையின் வெளியே வாங்கிற் படுத்து உறங்கிவிட்டார். நான் திரையைப் பார்த்தவாறு விழித்திருந்தேன். இரண்டாம் தட்டும் நிரம்பி ஆறு விளக்குகளும் மீண்டும் பச்சையானபோது மறுநாளும் கழிந்துவிட்டது. அன்றே சுட்டிகளைக் கிழித்து, பூச்சியத்திலிருந்து மீள ஒட்டினேன். ஒவ்வொரு தட்டின் தொடரிலக்கத்தையும் அதன் முகப்பிலேயே எழுதினேன்.

இத்தனைக்கும் பின்னர் என்னுள் ஒரு செருக்குப் புகுந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எமது சேகரம் இனி அழியாது எனத் துறைக் கூட்டத்திலே கூறினேன். அச்செருக்கின் விளைவாக அறிவித்தல் ஒன்றும் ஒட்டினேன். சேகரத்திலுள்ள கோப்புக்களை அனுமதியின்றி எவரும் பிரதிசெய்து வெளியே கொண்டுசெல்லலாகாது என்பது அதன் வாசகம். உரிமைப் பிரச்சினைகள் எழக்கூடும் என்பது ஒரு காரணம். எல்லாம் எம்மிடமே இருக்கட்டும் என்ற ஆசை இன்னொன்று.

2023இன் நடுப்பகுதியிலே உதவியாளர் ஒருவர் தேவையற்ற தற்காலிகக் கோப்புறை ஒன்றை அழிக்க முனைந்து, அதற்கு மேலிருந்த கோப்புறையை அழித்துவிட்டார். 29 நாடாக்களின் ஒலியும், அவற்றை எழுத்திற் பெயர்த்த ஏடுகளும் அதனுள் இருந்தன. நான் சேவையக அறைக்கு ஓடினேன். ஆறு விளக்குகளும் பச்சை நிறத்தில் அமைதியாக ஒளிர்ந்தன. கட்டுப்படுத்தியை நோக்குமிடத்துக் குறை எதுவும் நிகழவில்லை. அழி என்று சொன்னார்கள். அது ஆறு தட்டுக்களிலும் சரிபார்ப்புக் கூறுகளோடு பிழையின்றி அழித்தது. இரண்டு தட்டுக்கள் இறந்தாலும் அவ்வழிவு அழியாது! அணி காப்பது தட்டின் மரணத்திலிருந்து மட்டுமே. எமது கையிலிருந்து அன்று, தீயிலிருந்து அன்று, கூரை ஒழுக்கிலிருந்து அன்று. இதனை நூல்கள் யாவும் எச்சரித்திருந்தன. நான் வாசித்துமிருந்தேன். வேறிடத்திலே பிரதி வைத்தல் வேண்டும் எனத் தம்பியும் இரண்டு தடவை சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு பணம் வரட்டும் என்றேன். 1988இன் மூவர் வைத்த பெயரிற் பின்னர் நுழைந்த ‘சுயாதீனம்’ என்ற சொல் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஒரே பெட்டி, ஒரே அட்டை, ஒரே கூரை, ஒரே கட்டளை. தாய்ப்பிரதி ஒன்றுதான்.

இரண்டு நாட்களின் பின், இறுதியாண்டு மாணவி ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். நாட்டார் பாடலிலே ஆய்வுக்கட்டுரை எழுதுபவர். நெடுநேரம் தயங்கிய பின், “சேர் ஏசக்கூடாது” என்று தொடங்கினார். ஊரிலே இணைய வசதி சரியில்லாதபடியால், விடுமுறைக்குப் போகுமுன் முழுக் கோப்புறையையும் தம் கையடக்கத் தட்டிலே ஏற்றிக்கொண்டு போனாராம். அறிவித்தலை வாசித்துமிருந்தாராம். நான் ஏசவில்லை. அவர் தந்த தட்டிலே 29 நாடாக்களின் ஒலியும் இருந்தது. அவர் பிரதிசெய்த பின்னர் நாம் சேர்த்த ஏழு வார எழுத்துப்பெயர்ப்புக்கள் மட்டும் இல்லை. அவற்றை மீண்டும் கேட்டெழுதினோம்.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 யூன் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அத்துயரை இந்த ஏட்டின் வாசகர்க்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை. அங்கு எரிந்தவற்றுள் யாழ்ப்பாண வைபவமாலை போன்ற அச்சேறிய நூல்களை இன்றும் நாம் கற்பிக்கிறோம். அவை வேறு வீடுகளிலும் வேறு நாடுகளிலும் இருந்தன. அச்சேறாது அங்கு மட்டுமே இருந்தவற்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. நூலகத்தின் சுவர் எத்துணை உறுதியாய் இருந்தது என்பது அன்று பொருட்படவில்லை. இவ்வளவையும் அறிந்த தலைமுறையைச் சேர்ந்த நான், பிரதிசெய்யாதீர் என்று அறிவித்தல் ஒட்டினேன் என்பதை எழுதவே நாணமாய் இருக்கிறது.

அறிவித்தலை அகற்றினோம். அணி இன்றும் ஓடுகிறது. மின்கலத்தை ஒருமுறை மாற்றினோம். உடன்பிறந்த தட்டுக்களுள் மேலும் இரண்டு போய்விட்டன. ஒவ்வொரு மாதமும் முதற் சனிக்கிழமையில், சேவையகத்தோடு ஒருபோதும் நிலையாக இணைக்கப்படாத தட்டு ஒன்றிலே பிரதி எடுக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஏதேனும் ஒரு பாடலைத் தெரிந்து, திறந்து, இறுதிவரை கேட்கிறோம். இவ்வேலையைத் தம்பி என்னிடமே விட்டிருக்கிறார். இன்னொரு பிரதி வவுனியா வடக்கில், 2020இல் என்னைத் தேடி வந்த அந்த ஆசிரியரின் பாடசாலை அலுமாரியில் உள்ளது. அதனைப் பேருந்திலே மடியில் வைத்துக்கொண்டு சென்று கொடுத்தவன் நானே. அவரது அம்மம்மாவின் நாடா அதில் இல்லை என்பதை மீண்டும் சொல்ல நேர்ந்தது. பரவாயில்லை, மற்றவர்களின் அம்மம்மாக்கள் இருக்கிறார்கள்தானே என்றார்.

சில வாரங்களின் பின் அவர் தொலைபேசியில் அழைத்தார். 22ஆம் நாடாவிலுள்ள அருவி வெட்டுப் பாடலை வீட்டிலே போட்டபோது, பின்பாட்டுக் குரல்களுள் ஒன்று தம் தாயினுடையது என அவரது அம்மா சொன்னாராம். நான் பலமுறை கேட்டேன். ஆறேழு பெண்கள் சேர்ந்து பாடுகின்றனர். காற்றும் அரிவாளும் இடையிடையே ஒலிக்கின்றன. ஒரு குரல் மற்றவற்றைவிட அரை மாத்திரை பிந்தி வருகிறது. பட்டியலிலே அப்பாடலுக்கு எதிரே அம்மூதாட்டியின் பெயரை எழுதி, அருகே ‘மகளின் கூற்றுப்படி, உறுதியில்லை’ எனக் குறித்திருக்கிறேன்.